ஊழியர்களுக்கு குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

தனியாக ஒருவர் ஹெல்த் பாலிசி எடுத்தால், பிரீமியம் கட்டுவதும் அவர்தான், பாலிசியைப் படித்துப் பார்ப்பதும் அவர்தான். குரூப் பாலிசியில் கதையே வேறு. பணம் கட்டுவது கம்பெனி. பாலிசி இருப்பதும் கம்பெனி பெயரில். ஊழியர் கையில் இருப்பது ஒரு கார்டு அல்லது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிடிஎஃப், அவ்வளவுதான்.

அந்த கார்டு செல்லாது என்றால் அது எப்போது தெரியவரும்? பெரும்பாலும் ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுண்டரில்தான்!

இந்த இடைவெளியைத்தான் மோசடி ஆட்கள் பயன்படுத்திக் கொள்கிறார்கள். தனியாக ஹெச்ஆர் ஆள் வைத்துக்கொள்ள முடியாத சின்ன பட்டறைகள், கடைகள், ஸ்டார்ட்-அப்கள்தான் இதில் எளிதாகச் சிக்குகின்றன.

எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள்?

முதல் வகை, முழுக்க போலி பாலிசி. பிரபல நிறுவனத்தின் லோகோ இருக்கும், பாலிசி எண் இருக்கும், ஆனால் அந்த நிறுவனத்தின் பதிவில் அப்படி ஒரு பாலிசியே இருக்காது. பணம் ஏஜெண்ட்டின் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கும்.

இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பாலிசி உண்மை, பெயர் பட்டியல் பொய். 25 பேருக்கு பணம் வாங்கிவிட்டு 15 பேரை மட்டும் சேர்ப்பது இந்த ரகம். நடுவில் வேலைக்குச் சேர்பவர்கள் விஷயத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். புதிய ஊழியரின் பெயரைச் சேர்க்க இன்சூரன்ஸ் நிறுவனம் 'எண்டார்ஸ்மென்ட்' தர வேண்டும். அதற்கான தொகை, கம்பெனி முன்பணமாகக் கட்டி வைத்திருக்கும் 'சிடி' கணக்கில் இருந்து கழியும். அந்தக் கணக்கில் பணம் இல்லாவிட்டாலோ, இடைத்தரகர் பெயரை அனுப்பாவிட்டாலோ, அந்த ஊழியருக்கு கவரேஜ் கிடையாது.

மூன்றாவது, வாய் வாக்குறுதி. "ஏற்கனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர், பிரசவமும் உண்டு, அப்பா அம்மாவையும் சேர்க்கலாம்" என்பார்கள். இதையெல்லாம் தரும் குரூப் பாலிசிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் உங்கள் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரூம் வாடகை வரம்பு, கோ-பேமென்ட் ஆகிய இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

நான்காவது, முதலாளியையே சிக்க வைப்பது. "சொந்தக்காரங்களையும் ஊழியர் லிஸ்ட்டில் போட்டுக்கலாம் சார்" என்று ஆசை காட்டுவார்கள். கிளெய்ம் வரும்போது சம்பள சீட்டு, பிஎஃப் விவரம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். மோசடிப் பழி கம்பெனி மீது விழும்.

இந்த 3 ஆஃபர் வந்தால் உஷார்!

"ஜிஎஸ்டி கிடையாது": 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு கிடைத்தது தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு மட்டும்தான். ஃபேமிலி ஃப்ளோட்டரும் இதில் அடங்கும். கம்பெனி எடுக்கும் குரூப் பாலிசிக்கு 18% வரி தொடர்கிறது. வரியே இல்லை என்று ஒரு கொட்டேஷன் வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

"இஎஸ்ஐ வேண்டாம், இதுவே போதும்": 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும், சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ கட்டாயம். தனியார் பாலிசி எடுத்துவிட்டதால் மட்டும் அந்தப் பொறுப்பு போகாது.

"கமிஷனில் பாதியைத் திருப்பித் தர்றோம்": இது 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அந்தத் தடை பொருந்தும்.

எப்படி சரிபார்ப்பது?

* இன்சூரன்ஸ் நிறுவனம், புரோக்கர் இரண்டும் பதிவு பெற்றவையா என்பதை ஐஆர்டிஏஐ இணையதளத்தில் பாருங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் 'யூஐஎன்' என்ற தனி எண் உண்டு. அதையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

* பாலிசி பேப்பரில் உள்ள போன் நம்பருக்கு அழைத்து உறுதி செய்யாதீர்கள். போலி பேப்பரில் நம்பரும் போலியாகத்தான் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து எண்ணை எடுத்து, பாலிசி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

* பிரீமியத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணக்குக்கே செலுத்துங்கள். இன்சூரன்ஸ் சட்டத்தின் 64-விபி பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் நிறுவனம் ரிஸ்க்கை ஏற்க முடியாது.

* பெயர் பட்டியலையும் சிடி கணக்கு இருப்பையும் ஏஜெண்ட்டிடம் கேட்காமல், நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். மாதா மாதம் சம்பளப் பட்டியலுடன் ஒப்பிட்டால், விடுபட்ட பெயர் உடனே தெரிந்துவிடும்.

* ஊழியர்களும் சும்மா இருக்க வேண்டாம். கார்டில் உள்ள டிபிஏ அல்லது இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஆப்பில் லாகின் செய்து, உங்கள் பெயர், வயது, குடும்பத்தினர் விவரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நோய் வந்த பிறகு திருத்துவதை விட இப்போதே திருத்துவது சுலபம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

போலி பாலிசிக்கு ஆன்லைனில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பாலிசி உண்மையாக இருந்து கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் தீர்வு வரவில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் இதற்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. குரூப் பாலிசி தொடர்பான புகார்களையும் அங்கே ஏற்பார்கள்.

மலிவான பிரீமியத்தைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் விற்பவர் சொல்வதை விற்பவரிடமே உறுதி செய்துகொள்வது சரிபார்ப்பு ஆகாது. பத்து நிமிடம் ஒதுக்கி, இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். உங்களை நம்பி வேலை பார்ப்பவர்களின் ஆஸ்பத்திரி பில் சம்பந்தப்பட்ட விஷயம் இது.