சுண்டுவிரலில் ஒரு செமிகோலன்

பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கோடை விடுமுறை பாதியும் இரண்டே வரிசையில் போனது. இடது கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. சுண்டுவிரல் விண்விண் என்று வலிக்கும். குனிந்து கீயைப் பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். லோயர் பரீட்சை பாஸ் செய்து வைத்தால் சர்க்கார் வேலைக்கு ஆகும் என்பது அப்பாவின் கணக்கு. வேலை வரவில்லை, நான் புரோகிராமர் ஆனேன்.

எங்கள் டீமில் ஒரு பையன். கெட்டிக்காரன். இரண்டு ஆள்காட்டி விரல்களால் கோழி கொத்துவதுபோல்தான் அடிப்பான். எஃப், ஜே கீகளின் மேல் சின்ன மேடு இருப்பதே நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். "முறையா கத்துக்கோயேன்டா" என்றால், "யோசிக்கிறதுதாண்ணே நம்ம வேலை. வேகமா அடிச்சு என்ன ஆகப்போகுது?" என்பான்.

வேகத்தில் அவன் சொல்வது சரி. லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஒரு பக் எங்கே என்று நாள் முழுக்கத் தேடி, கடைசியில் ஒரே வரி மாற்றுகிறவனுக்கு 45 எதற்கு? மீதியில் பாதிக்குமேல் எடிட்டரே அடித்துக் கொடுத்துவிடுகிறது.

என் கவலை அவன் கண்ணைப் பற்றி. 1888-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு டைப்பிங் போட்டி நடந்தது. ஃபிராங்க் மெக்கரின் என்பவர் கீபோர்டைப் பார்க்காமலே அடித்து ஜெயித்தார். கண் தாளில், கை மெஷினில். நம் பையனுக்குக் கண்ணும் கீபோர்டில்தான். மூன்று வரி அடித்துவிட்டு நிமிர்வான்; முதல் வரியில் விட்ட அடைப்புக்குறிக்காகத் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. அதைச் சரிசெய்வதற்குள் நான்காவது வரியில் என்ன நினைத்திருந்தான் என்பது போயிருக்கும். வேரியபிள்களுக்கு அவன் வைக்கும் பெயர்களோ எக்ஸ், எக்ஸ்1, எக்ஸ்2. நீளமாகப் பெயர் வைக்க அவனுக்குத் தெரியாமல் இல்லை, விரலுக்கு அலுப்பு. கமென்ட் எழுதாததும் அதனால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆறு மாதம் கழித்து அந்த எக்ஸ்2 யாரென்று தேடி அலைபவன் நான்.

மாஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தபோது செமிகோலனால் ஒரு பிரயோஜனமும் தெரியவில்லை. கடிதத்தில் யார் அதைப் போடுகிறார்கள்? பிறகு சி மொழி படித்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளையும் செமிகோலனில்தான் முடிகிறது. கை நகராமலே வலது சுண்டுவிரலுக்கு அடியில் அது காத்திருந்தது.

ஆனால் அந்தப் பழைய ரெமிங்டனில் நெளிவு அடைப்புக்குறி கிடையாது. மாஸ்டரிடம் அதற்குப் பாடமும் இல்லை. போன வாரம் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் கோடிங் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஃபங்ஷனைத் திறக்கப் போனேன். மேசையில் டொக்கென்று ஒரு சத்தம். அவன் பேனாதான்.

"அண்ணே, குனியுறீங்க."