14 நாள் வேலி

பதினான்கு நாள் நிற்பதற்காக 42 மாதம் உழைப்பது விவேகமாகுமா என்று கேட்போர் உளர். கிறிஸ்டோ, ழான்-கிளாட் என்னும் கலைஞத் தம்பதிகள் 1976-ஆம் வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் எழுப்பிய "ஓடும் வேலி"யைக் குறித்ததே இக்கேள்வி. 18 அடி உயரமுள்ள வெண்ணிற நைலான் திரை, 24½ மைல் தூரம் குன்றுகளின் மீது ஏறி இறங்கிச் சென்று பசிபிக் சமுத்திரத்தில் முடிவுற்றது. பதினான்கு நாட்களுக்குப்பின் அகற்றப்பட்டது.

இது வீண் விரயம் என்னும் வாதத்தை நாம் ஏற்கவில்லை. செலவிட்ட பணம் பொதுப்பணமன்று. தாம் வரைந்த சித்திரங்களை விற்று அத்தம்பதிகளே ஈட்டியது. வேலி சென்ற நிலங்களோ 59 பண்ணைக்காரர்களுக்குச் சொந்தமானவை. அவர்களிடம் வீடுவீடாகச் சென்று சம்மதம் பெற்றனர். 18 பொது விசாரணைகள் நடந்தன. வழக்கு மன்றமும் ஏற நேர்ந்தது. பண்ணைக்காரர் சிலர் தாமே சபையில் எழுந்து ஆதரித்துப் பேசினர். வேலியைப் பிரித்தபின் துணியும் கம்பங்களும் அவர்களுக்கே கொடுக்கப்பட்டன. ஜனங்களை இவ்வாறு ஒரு கலையைப் பற்றி ஆராய்ந்து தீர்ப்புச் செய்ய வைத்தது அற்பப் பயனன்று.

ஆயினும் ஒரு குற்றத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. கடற்கரைக் கமிஷனின் அனுமதியின்றியே வேலியின் கடைசிப் பகுதியைக் கடலில் இறக்கினார்கள். அநீதியான சட்டத்தைப் பகிரங்கமாக மீறித் தண்டனையை ஏற்பது தர்மம். எல்லோருக்கும் பொதுவான கரையைக் காக்க ஏற்பட்ட சட்டத்தைத் தம் சிருஷ்டியின் பூர்த்திக்காக மீறுவது அதனோடு ஒப்பாகாது. தனியாரிடம் சம்மதம் கேட்டவர், பொதுஜனங்களிடமும் கேட்கக் கடமைப்பட்டவரே.

பிற்காலத்தில் கிறிஸ்டோ வேறொரு வழியில் நடந்து காட்டினார். கொலராடோ மாகாணத்தில் ஆர்க்கன்ஸா நதியின்மேல் துணி விதானம் அமைக்க இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். நிலம் மத்திய சர்க்காருடையது; அச்சர்க்காரின் அனுமதியும் 2011-இல் கிடைத்திருந்தது. எனினும் 2017 ஜனவரியில், புதிய ஜனாதிபதியின் சர்க்காருக்கு அனுகூலமாவதற்கு மனமின்றி, அவ்வேலையையே கைவிட்டார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் இஷ்டம். நெடுநாள் ஆசையை மனச்சாட்சிக்காகத் துறக்கும் திடம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

மலையிலும் நதியிலும் சில நாள் கலையை நிறுவ விரும்புவோர்க்கு நாம் கூறுவது இதுவே: சொந்தப் பணத்தோடு வாருங்கள், நிலத்துக்குரியவரையும் பொதுஜனங்களையும் கேளுங்கள், சுவடின்றிச் செல்லுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அழகு அக்குறையை ஈடு செய்யாது.