நானோ என்றதும் பர்ஸைத் திறக்காதீர்கள்!

"சார், மானிட்டருக்கு நானோ கோட்டிங் போடலாமா? ஸ்கிரீன் உடையவே உடையாதாமே?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். தங்கம், வெள்ளி போன்றவற்றில் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களைத் தயாரித்து, அவற்றை ஒரே அடுக்காகப் பரப்ப விஞ்ஞானிகள் பயன்படுத்தும் இடம் எது தெரியுமா? தண்ணீரின் மேற்பரப்பு!

துகள்களுக்குத் தண்ணீர் ஒட்டாத மூலக்கூறுகளால் மேல்பூச்சு தருகிறார்கள். குளோரோஃபார்ம் போல சீக்கிரம் ஆவியாகும் திரவத்தில் கலந்து, மிகச் சுத்தமான தண்ணீரின் மேல் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். திரவம் பறந்துவிடும். துகள்கள் மூழ்காமல், காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே தீவு தீவாக மிதக்கும். தொட்டியில் உள்ள தடுப்பை மெல்ல நகர்த்தி நெருக்கினால் தீவுகள் ஒன்றுசேர்ந்து, கேரம் போர்டின் நடுவில் காய்களை அடுக்கியது போல ஒற்றை அடுக்காகும். இன்னும் கொஞ்சம் நெருக்கினால் போச்சு! படலம் சுருங்கி மடிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

(இந்தத் தொட்டிக்கு முன்னோடியை உருவாக்கியவர் ஜெர்மனியில் வீட்டு வேலைகளுக்கு நடுவே ஆராய்ச்சி செய்த ஆக்னஸ் பாக்கெல்ஸ். கல்லூரியில் படிக்காதவர். 1891-ல் அவருடைய கடிதம் 'நேச்சர்' இதழில் வெளியானது.)

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1997-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹீத் குழுவினர் செய்தது. வெள்ளித் துகள்களைத் தண்ணீர் மேல் பரப்பி நெருக்கினார்கள். துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளி அரை நானோமீட்டருக்கும் கீழே வந்ததும், அதுவரை மின்கடத்தாப் பொருளாக இருந்த படலம் உலோகம் போல நடந்துகொண்டது. முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளத்தது. தடுப்பைத் தளர்த்தியதும் பழையபடி ஆகிவிட்டது. வெள்ளி அதே வெள்ளிதான், மாறியது இடைவெளி மட்டும்!

இடைவெளி ஒரு இம்மி மாறினாலே குணம் மாறுகிற சமாச்சாரம் இது. பாட்டிலில் இருந்து நாலு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தால் அப்படி ஒழுங்கான அடுக்கு வருமா? நல்ல பூச்சு என்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் தடுக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீழே விழும் மானிட்டரை அவ்வளவு மெல்லிய படலம் எப்படிக் காப்பாற்றும்? அதிலும் பெரும்பாலான எல்சிடி மானிட்டர்களின் முகப்பு கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக் படலம். கண் கூசாமல் இருக்கக் கம்பெனியிலேயே அதைப் பக்குவப்படுத்தி அனுப்புகிறார்கள். கண்ட திரவத்தைத் தேய்த்தால் அது கெட வாய்ப்பு உண்டு.

நானோ எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். குவாண்டம் டாட் மானிட்டரில் நிஜமாகவே நானோ துகள்கள் வேலை செய்கின்றன. அந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023-ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எனவே கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன துகள்? அடுக்கு எவ்வளவு தடிமன்? உடைந்தால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் பேசாமல் வந்துவிடுங்கள். மானிட்டரில் தூசி இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.