ஓடை காட்டிய வழி

ஆறு தாகம் தீர்க்கும், பயிர் வளர்க்கும் என்பதை நாம் அறிவோம். ஆபத்து வேளையில் அது வழிகாட்டியும் ஆகும்.

1971 டிசம்பர் 24 அன்று, பெரு நாட்டின் அமேசான் காட்டின்மேல் பறந்த விமானம் மின்னல் தாக்கிச் சிதறியது. அதிலிருந்த 92 பேரில் உயிர் தப்பியவள் யூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் ஒருத்தியே. உடன் வந்த தாயை இழந்தாள், உடலெங்கும் காயம். ஆயினும் அவள் சோர்ந்து அமரவில்லை. ஓடையைத் தொடர்ந்து சென்றால் ஆற்றை அடையலாம், ஆற்றங்கரையில் மனிதரைக் காணலாம் என்று விலங்கியல் அறிஞரான தந்தை கற்பித்திருந்தார். ஓடை நீரைப் பருகி, அதன் போக்கிலேயே நடந்தும் நீந்தியும் சென்றாள். நீரடியில் திருக்கை மீன்கள் கிடக்கும் என அறிந்து, கோலால் தடவிப் பார்த்தே கால் வைத்தாள். 11ஆம் நாள், ஆற்றோரக் குடிசையொன்றில் மரம் வெட்டுவோர் அவளைக் கண்டு காப்பாற்றினர்.

ஆற்றோடு அவளைக் காத்தது அவள் கற்ற அறிவும் அன்றோ! நாமோ ஆறுகளின் நீளத்தை மனப்பாடம் செய்கிறோம். அவற்றின் இயல்பை அறிகிறோமா? பெற்றோரே, பெண்ணுக்கு நீச்சல் எதற்கு என்று கேளாதீர்கள். தோழியரே, தேர்வுக்காக மட்டுமன்றி வாழ்வுக்காகவும் கற்போம்!