சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள்

"டாக்டர் சோத்தைக் குறைக்கச் சொல்லிட்டார் சார், இப்பல்லாம் ராத்திரிக்குச் சப்பாத்திதான்."

புனேயில் நாற்பது தாண்டிய தமிழர் நாலு பேர் கூடினால் இந்த வசனம் வராமல் இருக்காது. சொல்பவர் முகத்தில் ஒரு தியாகக் களை வேறு தெரியும். ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏதோ ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழுந்திருக்கும். அன்றைக்கே பொன்னி அரிசி பரணுக்குப் போய், ஆட்டா மாவு டப்பா மேடைக்கு வந்துவிடும். ஊரை விட்டு வந்த நமக்கு இது சுலபமும்கூட. எந்த முக்கில் திரும்பினாலும் மாவுமில் இருக்கிறது, எதிர் வீட்டில் சுடச்சுட ரொட்டி போடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இது குறைப்பே இல்லை, வெறும் டிரான்ஸ்ஃபர். நாம் சென்னையிலிருந்து புனேக்கு வந்த மாதிரி, மாவுச்சத்து அரிசியிலிருந்து கோதுமைக்கு வந்திருக்கிறது. சம்பளம் அதே சம்பளம்தான்.

கணக்குப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். 100 கிராம் ஆட்டாவில் 65 முதல் 70 கிராம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வைத்துக்கொண்டால், நாலு சப்பாத்தியும் 100 கிராம் அரிசியை வடித்து வரும் இரண்டு கிண்ணம் சோறும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆட்டாவில் நார்ச்சத்து அதிகம், புரதமும் கொஞ்சம் கூடுதல், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு சப்பாத்திக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு சப்ஜியை வைத்தால் அந்தச் சின்ன லாபமும் போச்சு. உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் எழுதுவதை நாம் எப்போதுதான் நிறுத்துவோமோ!

இது என் சொந்தச் சரக்கில்லை. ஐசிஎம்ஆர் பல மாநிலங்களில் நடத்திய இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. தெற்கே அதற்கு வெள்ளை அரிசி, வடக்கே கோதுமை. இதைவிட முக்கியமான விஷயம் அடுத்தது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு முழுக்கோதுமையோ சிறுதானிய மாவோ வைத்தால் நீரிழிவு அபாயத்தில் பெரிதாகப் பலன் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் தயிர் வகைப் புரதம் வரும்போதுதான் அபாயம் குறைவதாகத் தெரிந்தது. இதே ஆய்வின் இன்னொரு பகுதி, 2023-ல் வெளியானது, நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடி என்றும், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் கணக்குச் சொன்னது. வாசலில் நிற்பவர்களில் நம் நண்பர்கள் பலர் இருப்பார்கள். நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களாயிற்றே.

ஆகவே கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறிவிட்டேன், தினையில் பொங்கல் செய்கிறேன் என்பவர்களிடமும் எனக்கு இதே கேள்விதான். நல்லது, எவ்வளவு? கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், அதற்காகவே சாப்பிடலாம். ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை சும்மா இருக்காது. வடித்த சோற்றில் கஞ்சியோடு சர்க்கரை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சித்தாந்தம் சுற்றுகிறது. கஞ்சியோடு கொஞ்சம் மாவு போகும், உண்மைதான். தட்டில் மீதி இருப்பதும் மாவுதான் ஐயா.

சரி, நம் சாப்பாட்டில் சிக்கல் எங்கே இருக்கிறது? அரிசியில் இல்லை, ஒரு வார்த்தையில் இருக்கிறது என்பது என் கட்சி. 'தொட்டுக்க என்ன?'

யோசித்துப் பாருங்கள். சாப்பாடு என்றாலே நமக்குச் சோறு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. பொரியல், கூட்டு, கீரை எல்லாம் சோற்றை உள்ளே தள்ளுவதற்கான உபகரணங்கள். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குழம்பு மிஞ்சினால் சோறு கேட்போம், சோறு மிஞ்சினால் குழம்பு கேட்போம், இந்த வழக்கு தீரவே தீராது. இவ்வளவுக்கும் நடுவில் இலை ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பீன்ஸ். "சாம்பார்லதான் பருப்பு இருக்கே" என்பார்கள். நாலு பேர் வீட்டில் சாம்பாருக்குப் போடும் பருப்பு 100 கிராம் இருந்தால் அதிகம். தலைக்கு 25 கிராம் பருப்பு, அதில் புரதம் ஐந்தோ ஆறோ கிராம். இதை வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சோற்றை நியாயப்படுத்த முடியாது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாள் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். சோற்றை அடியோடு விடு என்று அதில் இல்லை. தட்டில் அதன் இடத்தை மாற்றினால் போதும். கூட்டும் சுண்டலும் கீரையும் சாப்பாடாகட்டும், சோற்றைத் தொட்டுக்கொள்வோம்.

இதற்கு வெளிநாட்டுக் கீன்வாவெல்லாம் தேவையில்லை. பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களிடம் மட்கி உசல் கற்றுக்கொண்டால் போதும். மட்கி என்பது நம் நரிப்பயறு. முளைகட்டி வெங்காயம் தாளித்து ஒரு பெரிய கிண்ணம் சாப்பிடுகிறார்கள், கூடவே வெள்ளரிக்காயில் நிலக்கடலைப் பொடி தூவிய கோஷிம்பீர். (அவர்களிடமும் எல்லாம் ஒழுங்கில்லை. விரதம் என்று சொல்லிக்கொண்டு சாபுதானா கிச்சடி ஒரு தட்டு சாப்பிடுவார்கள். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மாவு. அதைச் செய்து அனுப்புவது நம் சேலம் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.) நம்மிடமே என்ன குறை? அடை இருக்கிறது, கொள்ளு இருக்கிறது, பருப்புசிலி இருக்கிறது, மீன் சாப்பிடுபவர்களுக்கு மீன் இருக்கிறது. சுண்டலை மட்டும் நவராத்திரி ஒன்பது நாளோடு ஏன் கட்டிப்போட்டோம் என்று எனக்குப் புரியவே இல்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடுவதற்குப் பதில், வாரத்தில் மூன்று நாள் பச்சைப்பயறு தோசையோ அடையோ என்று வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்வதுதான் கஷ்டம். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. மானாவாரிப் பக்கத்து ஊர்களில் நெல்லுச் சோறு என்பது தீபாவளி பொங்கலுக்கு மட்டும் பார்த்த பண்டம். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் கேழ்வரகும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது எவ்வளவு பெரிய வாக்குறுதியாக இருந்தது! வெள்ளைச் சோறு தினமும் சாப்பிடுவதே முன்னேறியதற்கு அடையாளம் என்று வளர்ந்த தலைமுறையிடம் "அரை கப் போதும்மா" என்றால் அவர்கள் காதில் வேறு என்னவோ விழுகிறது. அவர்கள் தட்டில் சோற்றை எடுக்காமல் பக்கத்தில் கூட்டை அதிகமாக வையுங்கள். சண்டை குறையும்.

வீட்டுக்குள் இன்னொரு தட்டு இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவருக்குத் தனியாகச் சப்பாத்தி, குழந்தைகளுக்குச் சோறு, மாமனாருக்குக் குழைவாக இன்னொரு சோறு. மூன்று சமையலும் செய்து முடித்துவிட்டு அந்த அம்மா என்ன சாப்பிடுகிறார்? மிஞ்சிய சோறு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பு, சமயத்தில் நின்றுகொண்டே. பயறும் காயும் 'அவருக்கு வேணும்' என்று போய்விடும். நாலு வருஷம் கழித்து நட்சத்திரக் குறி அந்த அம்மாவின் தாளில் விழுகிறது. குறைப்பது என்று முடிவெடுத்தால் வீட்டுக்கே ஒரே சமையல், ஒரே மாதிரித் தட்டு என்று முடிவெடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி சோறு கூட வைத்தால் போயிற்று. பயறு ஊறப்போடுவது, காய் நறுக்குவது இரண்டும் சோற்றைவிடக் கூடுதல் வேலை பிடிப்பவை. அதைச் செய்யப்போவது யார் என்பதையும் டயட் சார்ட் எழுதும்போதே எழுதிவிடுவது நல்லது, முக்கியமாக எழுதுகிறவர் ஆணாக இருந்தால்.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் போட்டது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களுக்குப் பருப்பு, பயறு அளவிலும் கட்டுப்பாடு இருக்கும். இரண்டு தரப்பும் முதலில் டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யவும். மற்றவர்கள் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, சப்பாத்தி சாப்பிட்ட அன்று இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும், ஒரு கிண்ணம் கூட்டோடு அரைக் கிண்ணம் சோறு சாப்பிட்ட அன்று ஒரு முறையும் குத்திப் பாருங்கள்.