உம்மாவின் கண்ணில் இல்லாத குறை

"பள்ளிவாசல் வீதி" என்று வரவேண்டிய இடத்தில் "பள்ளிவாசல் விதி" என்று அச்சாகியிருந்தது. அது ஒரு கல்யாண அழைப்பிதழ். முந்நூறு பிரதிகள். அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தபோது உம்மா அடுப்படியில் நின்றார். பேசி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குக் கண் போயிட்டுது மகள். இனி இந்த வேலை ஏலாது" என்றார். முந்நூறையும் திரும்ப அடித்த செலவில் பாதி உம்மாவின் கூலியில் கழிந்தது.

உம்மா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தமிழ்த் தட்டச்சு செய்பவர். எங்கள் ஊர் ஆசிரியர்களின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், நிக்காஹ் அழைப்பிதழ்கள், பள்ளிவாசல் அறிவித்தல்கள் எல்லாம் அவர் விரல்களைத் தாண்டித்தான் அச்சகத்துக்குப் போகும். எழுத்து பாமினி. பாமினியில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 'வி'க்கும் 'வீ'க்கும் விசை ஒன்றுதான். ஷிப்டை அழுத்தினால் நெடில், அழுத்தாவிட்டால் குறில். விரல் ஒரு கணம் பிந்தினால் வீதி விதியாகிவிடும், நீதி நிதியாகிவிடும். தட்டச்சில் பிழை வருவது புதிதல்ல. வந்த பிழையைத் திரையில் கண்டுபிடித்துத் திருத்துவதில்தான் உம்மாவுக்குப் பெயர். அந்தப் பெயர்தான் எட்டு மாதங்களாகக் கெட்டுக்கொண்டு வந்தது. மெய்யெழுத்தின் புள்ளிகள் விடுபட்டன. குறிலும் நெடிலும் மாறின. இடையில் ஒருமுறை கண் வைத்தியரிடம் காட்டி, கண்ணாடியையும் மாற்றிப் பார்த்தோம். புதுக் கண்ணாடி வந்தும் பிழைகள் குறையவில்லை.

அந்த எட்டு மாதத்தில் வீட்டில் மாறியிருந்த இன்னொரு பொருளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அது மொனிட்டர்.

முன்பு எங்களிடம் இருந்தது 15 அங்குலச் சதுர மொனிட்டர். அது பழுதானபோது, கொழும்பில் வேலை செய்யும் நானா, தன் சம்பளத்தில் 21.5 அங்குல அகலத் திரை ஒன்றை வாங்கி வந்தார். போட்ட உடனே எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்தது. உம்மா கண்ணைச் சுருக்கினார். நானா இரண்டு மூன்று இடங்களில் கிளிக் செய்து, பழைய மொனிட்டரில் இருந்த அதே 1024 × 768 என்ற அளவைப் புதியதிலும் வைத்தார். எழுத்துப் பெரிதானது. "இப்ப சரிதானே உம்மா?" என்று கேட்டுவிட்டு அன்றிரவே பஸ் ஏறினார். நானாவை நான் குறை சொல்லவில்லை. அன்போடு செய்த வேலைதான். ஆனால் பிழையான வேலை.

திரையின் பிரிதிறன் என்றால் என்ன என்று நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள். "திரையில் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கை." வரி பிசகாமல் எழுதினேன். அதை எழுதிய காலத்தில், பிழையான பிரிதிறனில் இருந்த ஒரு திரைக்கு முன்னால் தினமும் உட்கார்ந்து பாடக் குறிப்புகள் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையில் யாரையாவது குற்றம் சொல்வதென்றால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கண்டுபிடித்தது என் தங்கச்சி. அவளுக்கு எட்டு வயது. பெருநாள் படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏன் ராத்தா கம்பியூட்டர்ல எல்லாரும் குண்டா இருக்காங்க?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு நானும் பார்த்தேன். வாப்பாவின் முகம் அகன்றிருந்தது. மேசையில் இருந்த வட்டிலப்பத் தட்டு முட்டை வடிவில் இருந்தது. அதே படம் கைத்தொலைபேசியில் சரியாக இருந்தது. அப்போதுதான் அந்த இரண்டு எண்கள் நினைவுக்கு வந்தன.

எங்கள் புது மொனிட்டரில் கிடையாக 1920, நிலைக்குத்தாக 1080 பிக்சல்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் பதித்த புள்ளிகள் அவை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாம் 1024 × 768 என்று வைத்தால் திரையில் பிக்சல்கள் குறைவதில்லை. கணினி 1024 புள்ளிகளுக்கான படத்தைத் தயாரித்து அனுப்புகிறது, மொனிட்டர் அதை 1920 புள்ளிகளுக்கு இழுத்து நிரப்புகிறது. கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு 8 புள்ளியும் 15 புள்ளிகளில் பரவ வேண்டும். எட்டு ரொட்டியைப் பதினைந்து பேருக்குப் பங்கிட்டால் முழு ரொட்டி ஒருவருக்கும் கிடைக்காது அல்லவா? அதேபோல் எழுத்தின் ஓரத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய புள்ளி பாதிக் கறுப்பும் பாதி வெள்ளையுமாகச் சாம்பல் நிறமாகிறது. எழுத்துப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் தெரியும். மேலும், பழைய அளவு நாலுக்கு மூன்று என்ற வடிவம், புதிய திரை பதினாறுக்கு ஒன்பது என்ற வடிவம். ஆகவே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலித்துப் போகிறது. தங்கச்சி சொன்ன குண்டு அதுதான்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று. பழைய 15 அங்குல மொனிட்டருக்கு 1024 × 768 தான் சொந்த அளவு. அதில் எழுத்துக் கூர்மையாகவே இருந்தது. அதே எண் இங்கே வந்து பிழையாகிவிட்டது. ஆகவே நல்ல பிரிதிறன், கெட்ட பிரிதிறன் என்று பொதுவாக ஒன்றும் இல்லை. அந்தத் திரைக்கு உரியது எது என்பதுதான் கேள்வி.

ஆங்கில எழுத்து இந்த மங்கலை ஓரளவு தாங்கும். தமிழால் அவ்வளவு தாங்க முடியாது. நமக்கு ஒரு சிறு புள்ளிதான் உயிர்மெய்யையும் மெய்யையும் பிரிக்கிறது. ஒரு சிறு சுழிதான் 'வி'யையும் 'வீ'யையும் பிரிக்கிறது. வாசிக்கிற வரியில் இவை மிகச் சிறியவை, எனவே மங்கலில் முதலில் கரைந்து போவதும் இவைதான். உம்மா எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அப்படிக் கரைந்து போன எழுத்தை. அதைக் கண்ணின் குறை என்று நினைத்து வைத்தியருக்கும் கண்ணாடிக் கடைக்கும் செலவழித்தோம்.

சரி, திருத்தினேன். திரையின் வெறுமையான இடத்தில் வலது கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போனால் பிரிதிறன் பட்டியல் வருகிறது. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் 'ரெகமண்டட்' என்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் அந்தத் திரைக்கு உரியது. 1920 × 1080 ஐத் தெரிவு செய்தேன். வாப்பா மெலிந்தார், தட்டு வட்டமானது. உம்மாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "என்ன மகள் இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பழைய மாதிரி வைச்சிடுங்க!"

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கதை முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். எழுத்துச் சிறிது என்றால் பிரிதிறனைக் குறை. அதுவே பழக்கம். எழுத்தைப் பெரிதாக்க வேறொரு இடம் இருக்கிறது. அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்று 100, 125, 150 என நூற்றுவீதங்கள் இருக்கும். பிரிதிறனை அதன் சொந்த அளவில் விட்டுவிட்டு ஸ்கேலைக் கூட்டினால், கணினி அதே எழுத்தைக் கூடுதலான புள்ளிகளைக் கொண்டு பெரிதாக வரைகிறது. முன்னையது சிறிய படத்தைப் பிடித்து இழுப்பது. இது பெரிய படமாகவே வரைவது. 150 வைத்தேன். உம்மா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பழைய அழைப்பிதழைத் திறந்து காட்டினேன். 'விதி' என்பது தெட்டத் தெளிவாகத் தெரிந்தது. உம்மா அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. உம்மாவுக்கு வெள்ளெழுத்து இருப்பது உண்மை, கண்ணாடி தேவை என்பதும் உண்மை. திரையைச் சரிசெய்தது அதைக் குணமாக்கிவிடவில்லை. மங்கலான திரை கண்ணைக் குருடாக்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கண்ணைக் களைப்பாக்கும், தலையை வலிக்க வைக்கும். பிழை தன்னிடம்தான் என்று ஒருவரை நம்ப வைக்கும் என்பது என் வீட்டில் நான் கண்டது. இன்னுமொன்று, சில பழைய மென்பொருட்களுக்கு இந்த ஸ்கேல் ஒத்துவராது, அவற்றின் எழுத்துகள் மீண்டும் மங்கும். உம்மா பக்கம் அமைக்கும் மென்பொருள் அந்த வகைதான். அதற்கு மட்டும் ஸ்கேலை 100க்கு இறக்கிவிட்டு, மென்பொருளுக்குள்ளேயே பக்கத்தைப் பெரிதாக்கி வேலை செய்கிறார். அலுப்புத்தான். ஆனால் சுழி தெரிகிறது.

பெற்றோரிடம் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. எங்கள் வீடுகளில் கணினி என்பது தொடக்கூடாத சாமான். "அதுக்குள்ள போகாதங்க, பழுதாப் போகும். நானா வரட்டும்" என்பதைக் கேட்காமல் வளர்ந்த பெண்பிள்ளை எங்கள் வகுப்பில் எத்தனை பேர்? நானா மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். உம்மா தினமும் ஐந்து மணித்தியாலம் அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிறார். யார் தொட வேண்டும்? தொடுவதற்குப் பயமும் தேவையில்லை. பிரிதிறனை மாற்றியதும் விண்டோஸ் "இதையே வைத்துக்கொள்ளவா?" என்று கேட்கும். திரை கறுத்துப்போய் ஒன்றுமே தெரியாவிட்டாலும், எதையும் தொடாமல் 15 செக்கன் பொறுத்திருந்தால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். செய்தவர்களே மனிதர் பயப்படுவார் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் பழுதாகிப் போகும் என்று நாம் பயப்படுகிற பொருட்களில் இத்தனை பொறுமையுள்ளது வேறொன்றைச் சொல்லுங்கள். தேங்காய் துருவி கூட விரலை விடாது.

சில தோழிகள், "இது ஒரு விசயமா? கணினிக் கடையில் கொடுத்தால் செய்து தருவான்" என்றார்கள். கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கும்போது சிலவேளை கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளைப் போடாமல் விட்டுவிடுவார்கள். அப்போது திரைக்கு உரிய அளவு பட்டியலிலேயே இருக்காது. ஒரு தோழியின் மடிக்கணினியில் அதுதான் நடந்திருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கி வந்த மங்கல் அது. டிரைவரைப் போட்டதும் பட்டியல் நீண்டது, உரிய அளவும் வந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் கொடுத்தும் பயனில்லை.

எமது கணினி ஆய்வுகூடத்திலும் பல அளவுத் திரைகள் கலந்தே இருக்கின்றன. டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளையில் நானும் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிலதை மாற்றினோம். ஒன்றில் பிரிதிறன் சரியாக இருந்தும் எழுத்து நடுங்கியது. பழைய நீல நிற விஜிஏ வயரில் ஓடும் மொனிட்டர் அது. கீழே இருந்த 'ஓட்டோ' பொத்தானை அழுத்தியதும் தானே சரிசெய்துகொண்டது. அந்தப் பொத்தான் எதற்கு என்று இத்தனை வருடம் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கீழ் வகுப்புத் தங்கைகளுக்கு இதைக் காட்டிக் கொடுக்க ஒரு பாடவேளை கிடைத்தால் போதும். அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை.

உம்மா இப்போது வினாத்தாள் வேலைகளைத் திரும்ப எடுத்திருக்கிறார். அழைப்பிதழ் வேலை இன்னும் முன்போல் வரவில்லை. அச்சகத்துக்காரர் வேறொருவரைப் பழகிவிட்டார். 'இன்ஷா அல்லாஹ் வரும்' என்கிறார் உம்மா.

போன வாரம் நானா அழைத்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று கொஞ்சம் பயமும் இருந்தது. மறுபக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, எங்கட ஒபிஸ்ல என்ட மொனிட்டர்லயும் எல்லாம் கொஞ்சம் அகலமாத்தான் தெரியுது. அந்த ரைட் கிளிக் எங்க செய்யணும்?"