பெயரை உரிக்கச் சொல்வதற்கு முன்

யாழ் குடாநாட்டில் வாகனப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் பொறுப்பான அலுவலகத்தின் தலைமை அதிகாரி அவர்களுக்கு,



சென்ற கிழமை உரும்பிராயில் ஒரு வீட்டு முற்றத்தில் கண்டதைச் சொல்லி இம்மடலைத் தொடங்க அனுமதியுங்கள். மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடித்து விற்கும் ஓர் அம்மாவின் பட்டா எனப்படும் சிறு பாரவூர்தி அங்கே நின்றது. ஸ்ரிக்கர் கடை இளைஞர் ஒருவர் தலைமயிர் காயவைக்கும் கருவியால் கதவைச் சூடாக்கி, ஒட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். முதலில் தொலைபேசி இலக்கம் போனது. பிறகு ஊர்ப் பெயர். கடைசியாக, மகளின் பெயரில் வைத்த கடைப் பெயர். அதன் முதல் எழுத்தோடு ஒரு துண்டுப் பெயின்ரும் கழன்று வந்தது. மிஞ்சிய பசையை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார்கள். துடைத்த பிறகும் பெயர் போகவில்லை. சுற்றியிருந்த நீலம் வெயிலில் வெளிறிவிட்டதால், எழுத்து இருந்த இடம் மட்டும் கடும் நீலமாகத் தெரிந்தது.

வீதியில் மறித்தவர்கள் கழற்றச் சொன்னார்களாம். எந்த விதி, எவ்வளவு அளவு என்று கேட்க அந்த அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. அதே எழுத்துகளோடு அந்த வாகனம் இரண்டு வருடமாகச் சுன்னாகம், கொடிகாமம், நெல்லியடி என்று சந்தை சந்தையாகப் போய்வந்தது. ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு சந்தியில் குற்றமில்லாதது அடுத்த சந்தியில் குற்றமாகிறது. எது சரி என்பதைக் காட்ட வியாபாரியின் கையிலும் ஒரு கடதாசி இல்லை, மறிப்பவரின் கையிலும் இல்லை. எங்கள் முறைப்பாடு இதுதான்.

2025 ஜனவரியில் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் நாடு முழுவதும் தொடங்கியது தங்களுக்கு நினைவிருக்கும். உரிமையாளர் சங்கங்கள் எதிர்த்தன, பிறகு கால அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த நடவடிக்கையில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். முன் கண்ணாடியில் பாதியை மறைக்கும் படங்கள், பின் விளக்கின் மேல் ஒட்டிய நிறத்தாள், இலக்கத்தகட்டை விழுங்கும் சோடனை ஆகியவற்றால் உயிர் போகும். பின்விளக்கே இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் மாலை இருட்டில் ஊரும் எங்கள் ஒடுங்கிய வீதிகளில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியானவற்றைத் தயவுதாட்சண்யமின்றி அகற்றுங்கள்.

ஆனால் கதவில் ஒன்றரை அடி அகலத்தில் இருக்கும் கடைப் பெயர் யாருடைய கண்ணை மறைக்கிறது?

சிறு வியாபாரிக்கு அந்தக் கதவை விட்டால் வேறு விளம்பரப் பலகை இல்லை. காங்கேசன்துறை வீதியில் பெரிய பலகை வைக்க அவரிடம் காசில்லை. முகநூல் விளம்பரத்துக்கு வங்கி அட்டை வேண்டும், அதில் டொலர் கழியும். ஸ்ரிக்கருக்கு ஒருமுறை கொடுத்த காசு, வாகனம் ஓடும் இடமெல்லாம் வருடக்கணக்கில் வேலை செய்யும். நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறநாட்டிலிருந்து வரும் எங்கள் சனம், முன்னால் போகும் வண்டியில் எழுதிய தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தே புழுக்கொடியலுக்கும் பனங்கட்டிக்கும் சொல்லிவைப்பதை நாம் ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். இன்னொன்றையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய வாகனத்தைக் கண்டபடி ஓட்ட முடியாது. பள்ளிக்கூட வாசலில் வேகமாகப் போனால், பின்னேரத்துக்குள் முதலாளிக்கு அழைப்பு வந்துவிடும். பெயரை உரித்தால் அந்தக் கட்டுப்பாடும் சேர்ந்து போகிறது.

உரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஸ்ரிக்கர் வெட்டும் வினைல் தாளில் இரண்டு வகை இருப்பதை ஸ்ரிக்கர் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். உருளைகளுக்கிடையில் இழுத்துத் தட்டையாக்கிய மலிவுத் தாள் வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அதனால்தான் ஓரம் எழும்புகிறது, உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழிகிறது. திரவமாக ஊற்றிக் காயவைத்த தாளில் அந்த இழுவை இல்லை. நெடுநாள் நிற்கும், விலையும் கூட. இங்கே பெரும்பாலும் ஒட்டப்படுவது முதல் வகை. ஒட்டப்படும் வாகனங்களோ பழையவை, உள்ளூரில் மறுபெயின்ற் அடித்தவை. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்கும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்ததைத் தட்டி, பூசி, ஓட்டியே எங்கள் ஆட்கள் தொழில் செய்தார்கள். அப்படிப் பூசிய பெயின்ற் ஸ்ரிக்கரோடு சேர்ந்தே வரும். வீதியோரத்தில் அவசரமாக உரிக்கச் சொன்னால் ஒரு கதவு முழுவதும் பழுதாகிவிடும்.

மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951 இல் வந்தது. தூரிகைக்காரர் பாரவூர்தியின் பக்கத்தில் பெயர் எழுதிய காலம் அது. பலமுறை திருத்தப்பட்டும், வினைல் எங்கள் வீதிக்கு வந்த வேகத்துக்கு விளக்கம் வந்து சேரவில்லை. அந்த விளக்கத்தைக் கொடுக்கத் தங்கள் அலுவலகத்தால் முடியும். நாம் கேட்பது ஒரேயொரு பக்கம். வாகனத்தின் படத்தைப் போட்டு, எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது, எவ்வளவு பரப்பு வரை எழுத்தாகக் கருதப்படும், எதற்கு மேல் நிறமாற்றமாகும் என்று அதில் காட்டுங்கள். பதிவுச் சான்றிதழில் வாகனத்தின் நிறம் இருப்பதால், முழு வாகனத்தையும் போர்த்துபவர் அதை அறிவித்தே ஆக வேண்டும் என்பதை ஏற்கிறோம். அந்த அறிவிப்பைக் கொழும்புக்கு அலையாமல் மாவட்டத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். கதவில் பெயர் மட்டும் ஒட்டியவரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள்.

அந்தப் பக்கம் தமிழில் இருக்கட்டும். வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்று 1988 முதல் அரசியலமைப்பே சொல்கிறது. நாம் கேட்கும் பக்கத்தின் பிரதியைக் குடாநாட்டின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் தங்கள் கையொப்பத்தோடு அனுப்பிவையுங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்கு வரும் ஒவ்வொருவரின் கையிலும் ஒன்று கொடுக்கச் செய்யுங்கள். பிழையாக ஒட்டியவருக்கு வீதியில் வைத்து உரிக்கும் தண்டனைக்குப் பதிலாக, எழுத்தில் ஓர் அறிவித்தலும் இரண்டு கிழமை அவகாசமும் கொடுக்கலாம். பேருந்துக்காரருக்குக் கிடைத்த அவகாசம் மிளகாய்த்தூள் விற்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஸ்ரிக்கர் கடைக்காரர்களையும் ஒருநாள் அழைத்துப் பேசுங்கள். யாழ் நகரிலும் திருநெல்வேலியிலும் இந்தத் தொழிலை நம்பி நிறைய இளைஞர்கள் இருக்கிறார்கள். கணினியில் எழுத்தை வெட்டும்போதே இது கூடாது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு பெயரை ஒட்டும்போது பின்பக்கத்தில் ஒளிதெறிக்கும் சிவப்புப் பட்டியும் ஒட்ட வேண்டும் என்று தாங்கள் சொன்னால், அதையும் செய்வார்கள். இருட்டில் போகும் எத்தனையோ வண்டிகள் அதனால் கண்ணுக்குத் தெரியும்.

இவற்றை அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் செய்து தருமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். திருவிழாக் காலத்தில் குடாநாட்டுச் சிறு வியாபாரிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக விற்கும். உரும்பிராய் அம்மா புதிய எழுத்து ஒட்டுவதற்குக் காசு எடுத்துவைத்திருக்கிறார். எந்த அளவில் ஒட்டலாம் என்று கேட்டுத்தான் எமக்கு அழைப்பு எடுத்தார். எம்மிடம் பதில் இல்லாததால், அந்தக் கேள்வியைத் தங்களிடமே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஆசிரியர்